எட்டாத ஸ்வரம்

கொட்டகலைத் தோட்டத்துப் பூரணி ஓபரா பாடகியாக ஆசைப்பட்டவள். இத்தாலி இசைக் கல்லூரிக்கு அனுப்ப, தேயிலை மலையில் நின்று பாடிக் கைபேசியில் பதிவு செய்தாள். உச்ச ஸ்வரம் எட்டவில்லை. பாட்டில் அந்த இடத்தில் மட்டும் பாடாமல் நின்றாள். போட்டுக் கேட்டபோது அந்த ஸ்வரமும் இருந்தது.

“இது ஒங்கம்மா கொரலுல்ல புள்ள!” என்றார் அப்பா.

வீட்டு வேலைக்குக் குவைத் போன அம்மாவிடமிருந்து ஏழு வருடமாகத் தகவல் இல்லை.

“அம்மா எங்கப்பா இருக்காங்க?”

அப்பா மறுபடியும் அதையே போட்டுக் கேட்டார்.

கல்லூரியில் இடம் கிடைத்தது. பழகிப் பழகி அந்த ஸ்வரமும் பூரணிக்கு வசப்பட்டது. புறப்படும் நாள் காலையில் மலையேறிப் பாடினாள். அந்த ஸ்வரம் வரும் இடத்தில் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால், மிக அருகில், யாரோ மூச்சை நிறைய இழுத்தார்கள்.