காற்றில் ஓர் உதை

அண்ணனின் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக் கொடுப்பது மட்டும்தான் அந்தக் காலத்தில் பிலோமினாவின் வேலை. ஓட்ட ஒருநாளும் விட்டதில்லை. அறுபது வயதில் லைசென்ஸ் எடுத்து, அதே வட்ட விளக்கும் அதே குண்டு டேங்குமாகப் புத்தம்புதிதாய் ஒன்றை வாங்கிவிட்டாள். ஷோரூம் வாசலில் ஏறியதுமே வலது கால் பழக்கதோஷத்தில் உதைத்தது. அங்கே வெறும் காற்றுதான் இருந்தது.

"பார்க்கத்தாம்மா பழசு. கிக்கரே கிடையாது, பட்டன்தான்" என்று சிரித்தார் விற்பனையாளர் கதிரேசன்.

அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கால் கேக்க மாட்டேங்குதே தம்பி!" துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, எழும்பி நின்று இன்னொரு உதை விட்டாள். வண்டி படபடவென்று கிளம்பிவிட்டது.

கையசைத்தபடி அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் கதிரேசன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். சாவி அதில்தான் இருந்தது.