ஒரே நாளில் ஆறிய கால்

காலில் ஐஸ்கட்டி விழுந்தும் மறுநாளே வேலைக்கு வந்த மனிதன் நாயாற்று ஐஸ் தொழிற்சாலை வாசலில் நின்றான்.

வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தான். தர்மிளா ஏன் என்று கேட்கவில்லை. போர் நடந்த இந்தப் பக்கம் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை.

கொம்பனியின் கிளிநொச்சி அலுவலகத்தில் விபத்து நட்டஈடுகளைப் பார்ப்பது அவள் வேலை. எந்தக் காயம் எவ்வளவு செலவு வைக்கும், எப்போது ஆறும் என்று பழைய விபத்துகளை வைத்துக் கணினி சொல்லும். கால் நசிந்தவர்களின் வரிசையில் வாசலில் நின்ற இந்த மெல்ரொனின் பெயருக்கு நேரே செலவும் இல்லை, லீவும் இல்லை.

அந்த ஒரு பெயரைக் காட்டித்தான் அவளுடைய முகாமையாளர், இன்னொரு தொழிலாளியான மத்தேயுவின் நட்டஈட்டை நிறுத்தச் சொன்னார். மத்தேயுவின் காலிலும் ஐஸ்கட்டிதான் விழுந்தது. அவன் இன்னும் பாதத்தை நிலத்தில் ஊன்ற முடியாமல் வீட்டில் கிடக்கிறான். நடிப்பு என்றார் முகாமையாளர்.

தர்மிளாவும் அதை அரைவாசி நம்பியிருந்தாள்.

எப்படி அவ்வளவு கெதியாக ஆறியது என்று மெல்ரொனிடம் கேட்டாள்.

அவன் களப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே மெசின் இரைந்தது. பிறகு அலுவலக அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தான். காற்சட்டையை முழங்கால்வரை உயர்த்தினான்.

முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரிக். ஐஸ் விழுந்த இடத்தில் ஒரு கீறல்.

“எனக்கு எங்க மிஸ் நோகும், ஐஸ்தான் உடைஞ்சது.”

சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டதும் காற்சட்டையை இறக்கிவிட்டான்.

“உதை மட்டும் எழுதிப்போடாதேங்கோ. கால் இல்லையெண்டு கொம்பனிக்குத் தெரியாது.”

கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. விபத்தைப் பதிந்தவர் வெளியூரிலிருந்து வந்த புது மேற்பார்வையாளர்.

எழுதினால் இவன் வேலை போகும். எழுதாவிட்டால் மத்தேயு வீட்டு அடுப்பு எரியாது.

அவன் தந்த தேநீரை அவள் குடித்து முடித்தாள்.

பிறகு கைத்தொலைபேசியில் மெல்ரொனின் பதிவைத் திறந்தாள். ‘கால் நசிவு’ என்பதை அழித்தாள். ‘காயம் இல்லை’ என்று பதிந்தாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவன் பெயர் வரிசையிலிருந்து மறைந்தது. மற்றப் பெயர்களை அவள் அன்றைக்குத்தான் நின்று பார்த்தாள்.

அத்தனை பேரும் மத்தேயுவைவிட நீண்டகாலம் படுத்துக் கிடந்தவர்கள்.