பொட்டு வைத்த சர்வர்

மறுநாள் விஜயதசமி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் நாள். மழலையர் பள்ளி நடத்தும் சௌந்தரவல்லிக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுவதே அந்த ஒரு நாள்தான். பதிவு செய்யப் போன பெற்றோருக்கோ அவள் இணையதளத்தில் ‘பராமரிப்புப் பணி, பொறுத்தருள்க’ என்ற அறிவிப்புதான் தெரிந்தது. எதிர்வரிசைப் பள்ளிக்காரி எல்லாரையும் அள்ளிக்கொண்டிருந்தாள். வல்லி விடுவாளா? தளத்தை வைத்து நடத்தும் குணாளனின் மாடி அறைக்கு மூச்சிரைக்க ஏறினாள். அங்கே சர்வர் பெட்டி மாலையும் சந்தனமுமாக மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதை அணைத்தே வைத்திருந்தான் புண்ணியவான்.

“என்ன தம்பி பராமரிப்பு இது?”

“ஆயுத பூஜை மேடம். படைச்ச ஆயுதத்தை நாளைக்குப் புனர்பூஜை முடியறவரைக்கும் தொடக்கூடாது. பொரி எடுத்துக்கங்க.”

“என் பொழப்பை அணைச்சுட்டு எனக்கே பொரி குடுக்கிறியா?”

அந்நேரம் அவன் கைபேசி அடித்தது. அவன் எடுப்பதற்குள் வல்லி அதைப் பிடுங்கி, குங்குமத்தைத் தொட்டு ஒரு பொட்டு வைத்து, சர்வரின் மேல் சாய்த்தாள்.

“இதுவும் ஆயுதம்தானே? இப்போ தொடு, பார்க்கலாம்.”

திரையில் ‘பெண் வீடு’ என்று மின்னியது. மூன்று இடம் தட்டிப்போய் அமைந்த சம்பந்தம், தெருவுக்கே தெரியும். குணாளனின் கை பாதி வழியில் நின்றது. கைபேசி விடாமல் அடித்தது. வல்லி ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.