பதினைந்தாவது பிள்ளை

பதினான்கு வரை எண்ணிவிட்டுக் கல்வி அதிகாரி பொன்னுதாஸ் நின்றார்.

முன்பெஞ்சில், தலையில் எண்ணெய் வழிய வாரிவிடப்பட்ட சிறுமி ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். அவள் பதினைந்தாவது.

தொண்ணூற்றொன்பது ஜூன். பள்ளி திறந்து ஆறாம் வேலைநாள், கல்வி அதிகாரி வந்து தலையெண்ணும் நாள். பாறசாலைக்குத் தெற்கே, கேரள எல்லையோரத்து அந்தப் பள்ளியில் தமிழ் ஒன்றாம் வகுப்பு நிலைக்கப் பதினைந்து பிள்ளைகள் வேண்டும். ஒன்று குறைந்தால் வகுப்பும் போயிற்று, ரத்னபாய் டீச்சரின் வேலையும் போயிற்று. பிள்ளைகள் மலையாள வகுப்பில் போய் உட்கார்ந்து முழிக்க வேண்டியதுதான்.

குறைகிற தலைக்கு எங்கிருந்தாவது ஒரு பிள்ளையைக் கூட்டிவந்து நிறுத்துவது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். மற்ற அதிகாரிகள் கண்டும் காணாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போவார்கள்.

பொன்னுதாஸ் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுகிறவர். தன் மாவட்டத்தில் ஒரு பிள்ளைகூட இன்னொரு பிள்ளையின் பெயரில் உட்காரக் கூடாது என்று அவருக்கு அப்படியொரு வைராக்கியம். மூன்று வருடத்தில் பதினொரு வகுப்புகளை மூடிவிட்டார். பாவி மனுஷன்!

பதிவேட்டில் அஷ்வதி என்று இருந்தது. சிறுமியும் பிசகாமல் அஷ்வதி என்றாள்.

மத்தியானம் பள்ளிக்கூடத்தில் என்ன சாப்பாடு என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

“சாம்பார் சோறு. வியாழக்கிழமை முட்டையும் உண்டு.”

மற்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டன. கஞ்சியும் பயறும் தவிர வேறெதையும் அந்தப் பள்ளி கண்டதில்லை. முட்டை போடுவது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில்.

ரத்னபாய் பதிவேட்டின் பக்கம் ஓடிவந்தாள். களியக்காவிளையிலிருந்து அன்று ஒரு நாளைக்கு மட்டும் என்று கெஞ்சி அவள் கூட்டிவந்த பிள்ளை அது.

“சாரும் இதே கிளாசில படிச்ச ஆளாக்கும். இந்த ஒரு பேரை விட்டுரப்படாதா சாரே?”

இந்த வகுப்பு இல்லாவிட்டால் தான் எங்கோ மரச்சீனிக் கிழங்குக்கு மண்வெட்டிக்கொண்டிருப்போம் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அஷ்வதியின் மேல் கோடு போட்டார்.

பிறகு சிறுமியை அருகே கூப்பிட்டு, அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டார். அஞ்சு என்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ரத்னபாய் அவரைக் கல்நெஞ்சன் என்றுதான் நினைத்திருப்பாள்.

நாற்பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அதே வகுப்புக்கு அவரைக் கூட்டிவந்தார்கள். காய்ச்சலில் செத்துப்போன பொன்னுதாஸ் என்கிற பிள்ளையின் இடத்தில் ஒரு நாள் நின்றால் போதும் என்றார்கள். மறுநாளும் வரச் சொன்னார்கள். அவரும் போனார்.

அம்மா மட்டும் சாகும்வரை நேசையா என்றே கூப்பிட்டாள். அந்தப் பெயரில் அவரிடம் ஒரு துண்டுத்தாள்கூடக் கிடையாது.