லிஃப்டில் சிக்னல் இல்லை

"உன் கம்பெனி நெட்வொர்க்கைத் தூக்கிக் குப்பையில போடு! எப்பப் போன் பண்ணினாலும் 'லிஃப்ட்ல இருக்கேன், சிக்னல் இல்ல'ங்கிறார் உங்க மாமா. உடனே லைன் கட்டாயிடுது" என்று பொரிந்து தள்ளினாள் அக்கா.

சிக்னல் இன்ஜினீயரான தங்கைக்குச் சுருக்கென்றது. மறுநாளே கருவியும் கையுமாக மாமாவின் அலுவலகத்துக்குப் போய், வாசல் முதல் கழிவறை வரை ஒரு மூலை விடாமல் அலசினாள். எங்கும் சிக்னல் அமோகம். கடைசியில், லிஃப்ட் எங்கே என்று காவலாளியைக் கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மாமா, "காலை வாரிடாதம்மா!" என்று கும்பிட்டார்.

தங்கைக்குக் கம்பெனி மானம்தான் பெரிதாகப் பட்டது. அக்காவை அழைத்தாள்.

"எங்க டவர்ல ஒரு குறையும் இல்லக்கா. மாமா ஆபீஸ் கட்டடத்துலதான் குறை. மாடியே கிடையாது, அப்புறம் லிஃப்ட் எங்கிருந்து வரும்?"