ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வாசகர்கள்

"மேல இருந்து படிக்க வேணாம். நாலாவது செய்தியைப் படி" என்றேன். பல்கலைக்கழக நூலகத்தின் அறிவிப்புப் பலகை முன்னால் என் மனைவியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

அவள் என் பேச்சை எப்போது கேட்டாள்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்தே ஆரம்பித்தாள். "இனிமே ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்குமாம். நல்லது. விட்டுட்டுப் போன குடையெல்லாம் மாடிப்படிக்குக் கீழ இருக்காம். புது மெஷின்ல தாங்களே புத்தகம் எடுத்துக்க, முதலாண்டு மாணவர் அத்தனை பேருக்கும் பயிற்சி குடுத்து முடிச்சாச்சாம்."

"நாலாவது" என்றேன்.

நாலாவதை அவள் சத்தமாகப் படிக்கவில்லை. இந்த ஆண்டு மிக அதிகமாக இரவல் போன நூல், 'கழிவுநீர்க் குழாய்களின் வரலாறு, முதல் பாகம்.' ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு முறை. எழுதியவன் நான்.

விஷயம் இதுதான். இரண்டாம் பாகத்துக்காக ஒன்பது வருடமாக நான் எழுதிக் குவித்த காகிதங்கள் எங்கள் சாப்பாட்டு மேஜை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. நாங்கள் இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

போன வாரம் அவள் பொறுமை போய்விட்டது. "முதல் பாகத்தை என்னைத் தவிர பத்துப் பேர் படிச்சாங்கன்னு காட்டுங்க, நான் வாயே திறக்கல. இல்லேன்னா அத்தனையையும் கட்டிப் பழைய பேப்பர்ல போட்டுடுங்க" என்றாள்.

கோபம் வந்தது. பத்துப் பேருக்கு நான் எங்கே போவது? இலவசப் பிரதி வாங்கிக்கொண்ட நண்பர்களே அதற்கப்புறம் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். ஒன்பது வருட உழைப்பு மூட்டையாகக் கட்டப்படும் என்று நினைத்தாலே சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் இந்த அறிவிப்பு வந்தது. காலையிலிருந்து அந்தப் பலகைப் பக்கம் ஏழு தடவை போய்விட்டேன். யாராவது என்னை அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று, ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்துகூட நின்றேன். அன்று நான் போட்டிருந்தது செருப்பு.

மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான்தான் அவசரப்பட்டுட்டேன். சாயங்காலமே உக்காந்து எழுத ஆரம்பிங்க. மடியில வச்சுச் சாப்பிட்டா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது" என்றாள்.

முப்பது வருடத்தில் அவள் வாயால் இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மனுஷனாக இருந்தால் அத்துடன் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பாராட்டு கொஞ்சம் கிடைத்தால் மிச்சத்தையும் கேட்டு வாங்காமல் நகரமாட்டேன்.

புத்தகம் வழங்கும் கவுண்டருக்கு அவளை அழைத்துப் போனேன். அங்கே பல வருடமாக ஓர் அம்மாள் இருக்கிறார். "அந்தக் கழிவுநீர்க் குழாய்ப் புத்தகத்தை எழுதினது நான்தாம்மா" என்றேன், ஏதோ போகிற போக்கில் சொல்வதுபோல.

அந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "நீங்கதானா சார் அது? அந்தப் புக்கு எங்களுக்கு எவ்வளவு ஒத்தாசையா இருந்துச்சு தெரியுமா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். "எடுத்தவங்க எத்தனை நாள் வச்சிருந்து படிச்சாங்கம்மா?" என்று அடுத்ததைக் கேட்டேன்.

அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "நாள் கணக்கே இல்ல சார். எல்லாரும் அன்னைக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க."

"பாத்தியா, கீழ வைக்க மனசு வரல" என்று மனைவியின் தோளை இடித்தேன்.

"நானூத்திப் பத்துப் பக்கம்ங்க. எனக்குப் பிழை திருத்தவே மூணு மாசம் ஆச்சு."

"சின்னப் பசங்க வேகமாப் படிப்பாங்க" என்று அவள் வாயை அடைத்தேன். பின்னால் வரிசையில் நின்ற மாணவர்கள் காதிலும் விழட்டும் என்று குரலை உயர்த்தி, "லட்சம் புத்தகம் இருக்கற இடத்துல எல்லாரும் எப்படிம்மா என் புத்தகத்தையே தேடி எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"தேடியெல்லாம் எடுக்கல சார். நான்தான் கையில குடுத்தேன். புது மெஷின்ல எப்படி எடுக்கறது, எப்படித் திருப்பி வைக்கறதுன்னு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவை செஞ்சு பாக்கணும்ல? பயிற்சி நடந்த பத்து நாளும் அந்த ஒரு புக்கை வச்சுத்தான் சொல்லிக் குடுத்தோம். மெஷின் அதையும் கணக்குல சேர்த்துடுச்சு போல."

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டது கேட்டது. இனி வீட்டுக்குப் போய்க் கயிறு தேட வேண்டியதுதான், மூட்டை கட்ட.

மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருடமாக என்னோடு வாதாடியவள் முதல் தடவையாக எனக்காக வாதாடினாள். "இருக்கட்டும்மா. இத்தனை புத்தகத்துல நீங்க இவரோடதைத்தானே எடுத்தீங்க? அதுல ஏதோ இருக்கப் போய்த்தானே எடுத்தீங்க?"

"ஆமா மேடம்" என்றார் அந்த அம்மாள், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "பத்து நாளும் அது கவுண்டரை விட்டு வெளிய போகக் கூடாது. அதனால, இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டு வராத புக்கா பாத்து எடுத்தோம்."