வாரித் தூற்றிய மண்

குட்டியானை வண்டியில் பீரோவை ஏற்றிக் கட்டிவிட்டான் திலீப். சாதி மாறிக் கட்டிக்கொண்ட கலைவேந்தனும் சுவேதாவும் கைக்குழந்தையோடு குருவிநத்தத்தை விட்டுச் செல்லிப்பட்டுக்குக் கிளம்புகிறார்கள். கொஞ்ச நாளாக, இருட்டினால் வீட்டின்மேல் கல் விழுகிறது. நேற்று ஓட்டைப் பிளந்துகொண்டு தொட்டில் பக்கத்திலேயே விழுந்தது.

"உன் மச்சானுங்க அருவா தீட்றானுங்க, கெளம்புன்னு அப்பவே சொன்னேனேடா," என்றான் திலீப்.

"கொரைக்கிற நாயி கடிக்காதுன்னு நெனச்சேன்டா," என்றான் கலைவேந்தன்.

சுவேதா வாசல் மண்ணை அள்ளினாள்.

"எம் புள்ள மேல கல்லெறிஞ்ச கை வெளங்காமப் போவட்டும்! அவன் வூட்டுல வெளக்கெரியக் கூடாது!"

வாரித் தூற்றிய மண், காற்றில் திலீப்பின் சட்டையெல்லாம் படிந்தது. அவன் வண்டியை எடுத்தான்.

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, சுவேதாவின் அண்ணன் சுபாஷ் ஏரிக்கரையில் வழிமறித்தான்.

"எங்கடா எறக்கிவுட்ட?"

"கடலூர்லண்ணே."

"த்தூ! இன்னிக்கு ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டிருப்போம். அதுக்குள்ள எந்த நாயிடா கல்லெறிஞ்சி வெரட்டுனது?"

"தெரியலண்ணே."

சொல்லிக் கேட்காத சிநேகிதனை வேறு எப்படிக் கிளப்புவது? சட்டையில் ஒட்டியிருந்த மண்ணை, கல்லெறிந்த கையாலேயே தட்டிவிட்டுக்கொண்டான் திலீப்.